முறைப்பனுக்குக் கண் வைத்தது

நான் வேலையை விட்டு நிற்கப் போகிறேன் என்று தெரிந்ததும், பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் இரண்டு பேரும் என்னிடம் வந்து, "போறதுக்கு முன்ன முறைப்பனுக்குக் கண்ணு வைக்க விதத்தை ஒரு தாளில எழுதித் தந்துட்டுப் போங்கக்கா" என்றார்கள். ஒரு தாளில் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். முறையை மட்டும் எழுதிப் படித்துப் பார்த்தால் அதில் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி என் வீட்டுக் கதை. அதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் எழுதுகிறேன். முப்பது வயதுகூட ஆகாத ஒருத்தி வேலையிலிருந்து ஓய்ந்தவளாக அனுபவம் சொல்வது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.

எங்கள் பட்டறை கோட்டாறில், ஓர் அரிசி மண்டிக்குப் பின்னால் உள்ள ஓட்டு வீடு. ஜப்பான் நாட்டு நாடகக்காரர்களின் முகப்படங்களை அங்கே நகல் எடுக்கிறோம். மூலப்படங்கள் மரப்பலகையில் கொத்தி, மை பூசி, தாளில் ஒற்றி எடுத்தவை. நாங்கள் அவற்றைப் பார்த்துக் கையால் எழுதுகிறோம். 'வரைகிறோம்' என்று எங்களில் யாரும் சொல்வதில்லை. கோலப்பபிள்ளை சார் முதல் நாளே "படம் எழுதுகது" என்றார். அந்தச் சொல் அப்படியே நின்றுவிட்டது.

சார் பூதப்பாண்டிக்காரர். உலகச் சண்டைக்கு முன்னால் கோபே துறைமுகத்தில் ஒரு பட்டு வியாபாரியிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். ஊர் திரும்பும்போது ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இந்தப் படங்களைக் கொண்டுவந்தார். கொச்சியில் கப்பலில் வந்திறங்குகிறவர்களுக்கு விற்கிற ஒரு கடைக்காரர் நகல் கேட்டதால் பட்டறை தொடங்கியது. முதலில் நகலையும் பலகையில் கொத்தியே எடுக்கலாம் என்று மயிலாடியில் ஒருவரிடம் பலாப்பலகையைக் கொடுத்திருக்கிறார். கல்லில் சாமி செய்து பழகின கை அது. வந்த பலகையில் நாடகக்காரன் எடுப்பான மூக்கும் புன்சிரிப்புமாக முருகனைப்போல இருந்தானாம். அதன் பிறகுதான் லேஸ் பின்னித் தேர்ந்த கையுள்ள பெண்களைத் தேடினார்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறுவருடம் நான் சேர்ந்தேன். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புவரை படித்தவள், படம் போட வருகிறவள் என்று என்னை எடுத்தார்கள். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் வருடம் முழுக்கத் தாளைத் தேயிலைத் தண்ணீரில் நனைத்துப் பழுப்பேற்றினேன். எண்ணெய்த் தாளில் எடுத்த படத்தை ஊசியால் குத்தினேன், கரிப்பொடி முடிச்சால் தட்டி அடித்தாளில் புள்ளி இறக்கினேன். மயிலாடிக் கல் குவியலில் பொறுக்கிவந்த காக்காப்பொன் என்கிற அபிரகத்தை இடித்து, சீலையில் சலித்து, வேலம்பிசின் தண்ணீரில் குழைத்தேன். முகத்துக்குப் பின்னால் மினுங்குகிற அந்தக் கருஞ்சாம்பல் பூச்சு அதுதான். ஆடிக் காற்று ஆரல்வாய்மொழியிலிருந்து வீசுகிற நாட்களில் கதவை அடைத்துவிட்டுத்தான் பூச முடியும். அப்படியும் சாயங்காலம் எங்கள் கன்னமெல்லாம் மினுங்கும்.

கோடுதான் கடினம். தூரிகைக்கோடு மெல்லத் தொடங்கித் தடித்து மெல்ல முடியும். மூலத்தில் உள்ளது கத்தி விட்டுவைத்த கோடு. அது சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிற்கும். தூரிகையால் கத்தியைப்போல எழுத வேண்டும். மூக்குக்கோட்டை மூச்சுவிடாமல் ஒரே இழுப்பில் எழுத எனக்கு வந்தபோதுதான் சார் எனக்குப் படம் வைத்து எழுத ஒரு மணை தந்து சன்னலோரம் உட்கார வைத்தார்.

படங்களுக்கு நாங்களே பெயர் வைத்திருந்தோம். நெற்றியில் ஊதாத் துணி ஒட்டிய ஒரு பெண் படத்துக்குத் 'தலைவலிக்காரி' என்று பெயர். சுக்குப் பத்துப் போட்டிருக்கிறாள் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அது பெண்ணே இல்லை, ஸ்திரீபார்ட் போடுகிற ஆண், நெற்றி மயிரைச் சிரைத்ததை மறைக்கத்தான் துணி என்று சார் ஒருநாள் சொன்னார். என் பக்கத்து மணை ஞானப்பூ அக்கா, "அந்தத் தாடையைக் கண்டப்பவே எனக்குச் சம்சயம்தான் சார்" என்றாள். அக்கா மார்த்தாண்டத்துக்காரி. மூன்று பிள்ளை பெற்றவள். எதற்கும் பதறாதவள். எல்லாவற்றுக்கும் பதறுகிற எனக்கு அவள் பக்கத்து இடம் கிடைத்தது என் நல்ல காலம்.

முறைப்பன் ஒரு கொள்ளைக்காரன் வேடம். வாய் கீழே வளைந்திருக்கும். புருவம் இரண்டும் ஏறியிருக்கும். ஒரு கண்மணி நடுவில் நிற்க, மற்றது மூக்கோரம் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். பெட்டியில் இருந்ததிலேயே கொச்சிக் கடைக்காரர் அதிகம் கேட்டது அவனைத்தான்.

சாரின் சோதனையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வருவார். மூலத்தையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் தலைகீழாக வைப்பார். நேராக வைத்தால் மனசு முகத்தைப் பார்த்துவிடும், தலைகீழாக வைத்தால்தான் கண் கோட்டைப் பார்க்கும் என்பார். கோடு கோடாக வெகுநேரம் பார்ப்பார். சரியாக இருந்தால் நகலை வலது பக்கம் நகர்த்துவார். பிறகு அதன் முதுகில் 'மூலத்தைப் பார்த்துக் கையால் எழுதிய நகல்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். சரியில்லை என்றால் திட்டமாட்டார். எழுதியவளை நிமிர்ந்து பார்த்து, "தலைவலி வல்லதும் உண்டுமா?" என்று கேட்பார். அவ்வளவுதான். பிறகு அவரே அதை நாலாகக் கிழித்துவிடுவார். தப்புப் படம் ஒன்றுகூட இந்த வாசலைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். உடம்பு விசாரிக்கிற ஒரு மனிதரைக் கண்டு நாங்கள் அப்படிப் பயந்தோம்.

கல்யாணமாகி, வயிற்றில் பிள்ளை ஐந்து மாதமாக இருக்கும்போது முறைப்பன் என் மணைக்கு வந்தான். வீட்டில் அதைச் சொன்னது என் தப்பு.

"மாறுகண்ணனையா எழுதுகே?" என்றாள் அத்தை, என் மாமியார். "காலையில இருந்து சாயங்காலம் வரை அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தா, பிள்ளைக்கு அந்தக் கண்ணு ஒட்டும் கேட்டியா."

"அப்படி ஒண்ணும் ஒட்டாது அத்தை. பள்ளிக்கூடத்துல உடம்பைப் பத்தி எல்லாம் படிச்சிருக்கேன்."

"படிச்சவ பெறுகதும் படிக்காதவ பெறுகதும் ஒரே வழியாத்தான் மக்கா."

பள்ளிக்கூடத்தில் கண்ணைக் குறுக்குவெட்டாகப் படம் போட்டுப் பாகம் குறித்துப் பெயர் வாங்கியவள் நான். படம் பார்ப்பதால் வயிற்றில் இருக்கிற கண் திரும்பாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தெரிந்தது தலையில் இருந்தது. கை வேறெதையோ கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் என் மணைக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த மூலத்தின் கண்களின்மேல் ஒரு சின்னத் தாள்துண்டை ஒட்டாமல் செருகி மறைத்துவிட்டு மீதியை எழுதினேன். சார் அந்தத் துண்டைப் பார்த்தார். அடுத்த மணைக்கு நகர்ந்துவிட்டார்.

"கண்ணை வெள்ளையா விட்டுட்டு எங்கிட்ட தா" என்றாள் ஞானப்பூ அக்கா. "சாமிக்குக் கண்ணு தொறக்க மயிலாடியில ஆளு உண்டு. முறைப்பனுக்கு நான் தொறக்கேன்."

"உனக்கு ஒண்ணும் ஆகாதா அக்கா?"

"எனக்கு இனி என்னத்துக்கு ஆகணும்? இருக்க மூணும் நேராத்தான் முறைக்கு."

நான் முகம் முழுவதும் முடித்து, கண் இருக்க வேண்டிய இடத்தை வெறும் தாளாக விட்டு அவளிடம் தள்ளினேன். அவள் கண் வைத்தாள். மை உலர்ந்ததும் சார் கை கழுவிக்கொண்டு வந்தார். தலைகீழாக வைத்தார். அன்றைக்கு ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

"ஞானப்பூ, தலைவலி வல்லதும் உண்டுமா?"

"இல்ல சார்."

அவர் படத்தை நேராகத் திருப்பினார். நான் அப்போதுதான் பார்த்தேன். இரண்டு கண்மணியும் நட்டநடுவில் இருந்தன. அதே வளைந்த வாய், அதே ஏறிய புருவம். ஆனால் கொள்ளைக்காரனைக் காணோம்.

"இவன் மரச்சீனிக் கிழங்கு வாங்கச் சந்தைக்குப் போறான்" என்றார் சார்.

சிரிப்பை அடக்க நாங்கள் எல்லோரும் குனிந்துகொண்டோம். ஞானப்பூ அக்கா குனியவில்லை. "வயித்துப் பிள்ளைக்காரி கைபட்ட படம் சார். அதுக்குப் போய் ஒண்ணரைக்கண்ணு வைக்க எனக்கு மனசு வரல்ல. கை தானா நடுவில போயிட்டு."

சார் படத்தைக் கிழிப்பார் என்று காத்திருந்தோம். அவர் அதை மணையில் வைத்துவிட்டு எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு காலை முன்னால் ஊன்றி, கையை விரித்து, தலையை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தி, ஒரு கண்ணை மூக்குப் பக்கம் கொண்டுவரப் பார்த்தார். இரண்டு கண்ணும் சேர்ந்தே வந்தன. மூக்குக்கண்ணாடி நழுவியது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எனக்கு வராது. அவனுக்கு வரும்" என்றார். "மேடையில ஒருத்தன் கட்டையைத் தட்டுவான். இவன் நடந்து வந்து நிப்பான். தலையைச் சுத்தி, ஒரு கண்ணை மட்டும் அங்கன கொண்டு நிறுத்துவான். கொட்டகையில ஒருத்தன் மூச்சு விடமாட்டான். பிறகு எடுத்திருவான். கேட்டியளா, அவனுக்கு மாறுகண்ணு கிடையாது. ஒரு நொடிக்குக் கொண்டு நிறுத்துகான், திரும்ப எடுத்துக்கிடுகான். நாம எழுதுகது அந்த நொடியை."

கடைசி வார்த்தைகளை என் பக்கம் பார்த்துச் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன். படத்தை அவர் கிழிக்கவில்லை. வித்தியாசம் தெரியட்டும் என்று சுவரில் மூலப்படத்தின் பக்கத்தில் குத்தி வைத்தார்.

வடிவு பிறந்தாள். முதல் மாதம் அவள் கண்ணைத் திறப்பதே அபூர்வம். இரண்டாம் மாதம் பால் குடித்துவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தபோது, இடது கண் மெல்ல நகர்ந்து மூக்கோரம் போய் நின்றது. நான் முறைப்பனைக் கண்டேன். இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அத்தையிடம் நான் சொல்லவில்லை. அவளும் பார்த்திருந்தாள், அவளும் சொல்லவில்லை. ஒருவார்த்தை 'அப்பவே சொன்னேனே' என்றிருந்தால் நான் சண்டை போட்டு ஆறியிருப்பேன். அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எண்ணெய் தேய்த்தாள், பாட்டுப் படித்தாள், அந்தக் கண் உள்ளே போகும்போதெல்லாம் சன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தைக் காட்டினாள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா சின்ன விளக்கைக் காட்டிப் பார்த்தாள். இந்த வயதில் பல பிள்ளைகளுக்குக் கண் இப்படி அலையும், ஆறு மாதம் வரை பார்க்கலாம், பிறகும் கண் உள்ளே நின்றால் கொண்டுவா என்றாள். திரும்பி வருகிற வழியில் எங்கள் வீட்டுக்காரர், "கேட்டியா, ஒண்ணுமில்லைன்னு சொல்லியாச்சு" என்றார். ஒன்றுமில்லை என்று அவள் சொல்லவில்லை, பார்க்கலாம் என்றுதான் சொன்னாள் என்று நான் திருத்தினேன். பகலில் நான் டாக்டரம்மாவை நம்பினேன். விளக்கு வைத்த பிறகு அந்தத் தாள்துண்டை நினைத்தேன். மறைத்தேனே, போதுமான நேரம் மறைத்தேனா, மறைக்கிறதுக்கு முன் எத்தனை தடவை பார்த்தேன் என்று.

நான்காம் மாதம் பட்டறைக்குத் திரும்பினேன். கொச்சியிலிருந்து முறைப்பனைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், மூக்குக்கோடு இழுக்க ஆள் இல்லை. அத்தையும் பிள்ளையுமாகத் தினமும் கூட வந்தார்கள். உத்திரத்தில் சீலைத் தொட்டில் கட்டிக்கொள்ளச் சார் சம்மதித்தார். பிள்ளையின் கண்ணில் பொடி விழக்கூடாது என்று காக்காப்பொன் பூசுகிற மணையை அந்தக் கோடிக்கு மாற்றவும் செய்தார். நான் முகத்தை முடித்துக் கண்ணை வெள்ளையாக விட்டு ஞானப்பூ அக்கா பக்கம் தள்ளினேன். அவள் திருப்பித் தள்ளிவிட்டாள்.

"பிள்ளைக்குக் கண்ணு நேராகிறது வரைக்கும் நான் முறைப்பனுக்குக் கண்ணு வைக்கமாட்டேன். மாதாவுக்கு நேந்திருக்கேன்."

"அப்ப ஆரு வைக்கது?"

"எனக்குத் தெரியாது. சவத்தை வெள்ளையாவே அனுப்பட்டும்."

அந்த நேரத்தில்தான் அத்தை எழுந்தாள். இத்தனை நாள் பட்டறைச் சுவரை ஏறிட்டுப் பார்க்காதவள், நேரே போய் அந்த இரண்டு படத்துக்கும் முன்னால் நின்றாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு சாரிடம், "இந்த நேர்க்கண்ணனை எனக்குத் தாரும்" என்றாள்.

சார் எழுந்து நின்றார். "அது தப்புப் படமாக்கும் அம்மா."

"உமக்குத் தப்பு. பாத்து ஒட்டும்னா நல்லதும் பாத்து ஒட்டும்லா? பிள்ளை தொட்டிலுக்கு மேல மாட்டுகேன். அவ முழிச்சா இவன் கண்ணைப் பாக்கட்டும்."

தப்புப் படம் வாசலைத் தாண்டக்கூடாது என்ற சட்டம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தரை பிளந்தால் போதும் என்றிருந்தது. சார் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். படத்தைச் சுவரிலிருந்து எடுத்தார். அவர் ஒரு நகலை நேராகப் பிடித்து அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு அதை மணையில் கவிழ்த்து, பேனாவை எடுத்து, முதுகில் எழுதி, ஊதி உலர்த்தி, இரண்டு கையாலும் அத்தையிடம் கொடுத்தார். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. என்னிடம் நீட்டினாள். 'இது நகல் அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

வாங்குகிறவர்கள் ஏமாறக்கூடாது என்று எழுதினாரா, வேறெதையாவது நினைத்து எழுதினாரா என்று எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியாது. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஞானப்பூ அக்காவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. "பின்னே? அப்படி ஒருத்தன் ஜப்பான்ல உண்டுமா?" என்றாள்.

அத்தை படத்தைத் தொட்டிலுக்கு மேலே சீலையில் செருகினாள். நான் வெள்ளைக் கண்ணோடு இருந்த முறைப்பனை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டேன். மூலத்தை மறைக்கவில்லை. மறைத்து என்ன பலன் என்று தோன்றிவிட்டது. தூரிகையை எடுத்தபோது கை நடுங்கியது. அதனால் பிள்ளையைப் பார்த்தேன். அவள் நேர்க்கண்ணனை முறைத்துக்கொண்டிருந்தாள். எதையோ பிடித்து நிறுத்தப் பார்க்கிற முறைப்பு. இடது கண் உள்ளே போனது. நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அது மெல்ல, தானாகவே, வெளியே வந்தது.

அது வெளியே வருவதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. உள்ளே போகிறபோதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குக் கண் வைத்தேன். சார் தலைகீழாக வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "பிள்ளைக்குச் சுகந்தானா?" என்று கேட்டார். படம் கிழிபடப் போகிறது என்றே நினைத்தேன். அப்புறம்தான் கவனித்தேன், அவர் கை நகலை ஏற்கெனவே வலது பக்கம் நகர்த்தியிருந்தது. அவர் உண்மையாகவே சுகம் விசாரித்தார்.

வடிவுக்குப் பல் முளைக்கிற சமயத்தில் கண் நிலைத்துவிட்டது. தானாகச் சரியானது என்று டாக்டரம்மா சொன்னாள். அத்தை நேர்க்கண்ணனுக்கு ஒருநாள் பூ வைத்தாள். ஞானப்பூ அக்கா மாதா கோயிலுக்கு மெழுகுதிரி கொண்டுபோனாள். நான் மூன்று பேரிடமும் 'ஆமா' என்றேன்.

பெண்களே, நீங்கள் கேட்டதைச் சொல்கிறேன். முகம் முழுவதும் உலர்ந்த பிறகு கண்ணுக்கு வாருங்கள். நடுவில் நிற்கிற கண்மணியை முதலில் வையுங்கள், அது அசையாத கண். மற்றதை மூக்கோரத்தில் ஒட்டிவிடாதீர்கள். ஒட்டினால் பிறவி மாறுகண்ணாகிவிடும். மயிரிழை வெள்ளை விடுங்கள். அந்த இழை வழியாகத்தான் அது திரும்பி வரவேண்டும். கை நடுங்கினால் நிறுத்திவிட்டு அன்பான எதையாவது பாருங்கள். இந்தக் கடைசியை முறையாகச் சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அப்படித்தான் செய்தேன்.

நம் ஊர் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்ததில் எங்கள் வீட்டுக்காரரைத் திருநெல்வேலி ஆபீசுக்கு மாற்றியிருக்கிறார்கள். நேற்றுச் சாமான் கட்டினோம். வடிவுக்கு இப்போது ஆறு வயது. அவளுக்கு நேர்க்கண்ணன் 'சந்தைக்குப் போற மாமா'. பெட்டியில் வைக்க விடவில்லை, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டுதான் வருவாளாம். நான் பாத்திரத்துக்கு வைக்கோல் திணித்துக்கொண்டிருந்தேன். அவள் படத்தைச் சுவரில் சாய்த்து எதிரே நின்றாள். காலை ஊன்றி, கையை விரித்து, தலையை ஒரு சுற்றுச் சுற்றினாள். பட்டறையில் உங்களில் யாரோதான் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். இடது கண் மூக்கோரம் போய் நின்றது.

என் கையிலிருந்த செம்பு கீழே விழுந்தது.

"என்னம்மா?" என்று திரும்பினாள். அதற்குள் கண்ணைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தாள்.